ஃபெயிலோவர் ஃபயர்வால்களில் கான்ஃபிக் ஒத்திசைவின்போது இன்டர்ஃபேஸ் விழுவது ஏன்? காரணம் கண்டு சரிசெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும்படி (இதுவே ஃபெயிலோவர்) இணையாக ஓடும் இரண்டு ஃபயர்வால்களில் ஒன்றை மறுதொடக்கம் செய்கிறோம். அது தன் துணையிடமிருந்து கான்ஃபிக்கை (அமைப்பு வரிகளை) வாங்கிக்கொள்ளும் அந்த இடைவெளியில் இன்டர்ஃபேஸ்கள் (நெட்வொர்க் இணைப்பு முனைகள்) ஒவ்வொன்றாக விழுந்து எழுகின்றன. கேபிளை மாற்றுவதா, ஸ்விட்ச் போர்ட்டை மாற்றுவதா, பெட்டியையே திருப்பி அனுப்புவதா என்ற தடுமாற்றம் மொரீஷியஸில் நெட்வொர்க் பணியில் இருக்கும் நம்மில் பலருக்கும் பழகியதுதான். இங்கே நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நீளும் புயல் காலத்தில், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் இந்த ஒத்திசைவு தானாகவே நிகழ்வதால், மற்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும் கோளாறு நமக்கு ஒரே பருவத்தில் பலமுறை வந்து நிற்கிறது.

இந்த வழிகாட்டி சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால்களின் ஆக்டிவ்–ஸ்டாண்ட்பை அமைப்பை (ஒன்று வேலை செய்ய, மற்றது தயாராகக் காத்திருப்பது) எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. மற்ற நிறுவனங்களின் கருவிகளில் கட்டளைகளின் பெயர்களும் காலக்கெடுக்களும் மாறுபடும்; ஆனால் கோளாறைத் தேடும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "இன்டர்ஃபேஸ் விழுந்தது" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறுபட்ட நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, லிங்க் உண்மையாகவே அறுந்து மீள்வது. ஸ்விட்ச் போர்ட்டின் விளக்கே அணைந்துவிடும். இரண்டாவது, லிங்க் இருந்தும் இரு ஃபயர்வால்களுக்கும் இடையே போகவேண்டிய ஹலோ செய்திகள் (தான் இயங்குவதை அறிவிக்கும் சிறு செய்திகள்) போய்ச்சேராததால், கண்காணிப்பு அந்த இன்டர்ஃபேஸைத் தோற்றதாக எழுதிவைப்பது. மூன்றாவது, லிங்க்கும் கண்காணிப்பும் சரியாக இருந்தும் மேக் முகவரி (இன்டர்ஃபேஸின் வன்பொருள் முகவரி) மாறிவிட்டதால் டிராஃபிக் மட்டும் நின்றுபோவது. தொலைபேசியில் புகார் சொல்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். ஒன்றுக்கான தீர்வை மற்றொன்றின்மேல் ஏற்றுவதில்தான் நேரம் வீணாகிறது என்பது என் கருத்து. ஆகவே கீழே உள்ள படிகளில் பாதி, எது நடந்தது என்று பிரித்தறிவதற்கே செலவாகும்.

முதல் படி: எது இயல்பு என்று அறிதல்

வழக்கமான நாட்களில் ஆக்டிவ் பெட்டியில் நாம் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அப்போதைக்கப்போது ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதனால் இன்டர்ஃபேஸ்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. முழு ஒத்திசைவு என்பது வேறு. ஸ்டாண்ட்பை பெட்டி மறுதொடக்கம் ஆகி மீண்டும் சேரும்போதும், அணைத்து வைத்திருந்த ஃபெயிலோவரை மீண்டும் இயக்கும்போதும், 'ரைட் ஸ்டாண்ட்பை' என்ற கட்டளையை நாமே கொடுக்கும்போதும், ஸ்டாண்ட்பை பொதுவாகத் தன்னிடம் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கில் ஃபெயிலோவர் வரிகளைத் தவிர அனைத்தையும் துடைத்துவிட்டு, ஆக்டிவ் அனுப்புவதை முதலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஏஎஸ்ஏயில் இன்டர்ஃபேஸ்களின் இயல்பு நிலை 'ஷட்டவுன்' என்பதால், துடைக்கப்பட்ட கணத்தில் அவை இறங்குவதும், கான்ஃபிக்கின் அந்தப் பகுதி வந்து சேர்ந்ததும் ஏறுவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. கான்ஃபிக்கின் அளவைப் பொறுத்து இது சில விநாடிகளிலும் முடியும், சில நிமிடங்களும் பிடிக்கும்.

எனவே ஸ்டாண்ட்பை பக்கத்தில் மட்டும், ஒத்திசைவு நேரத்தில் மட்டும், ஒரே ஒருமுறை இறங்கி ஏறுவது கோளாறு அல்ல. ஆக்டிவ் பக்கத்தில் ஓர் இன்டர்ஃபேஸ் இறங்கினாலோ, ஒத்திசைவு முடிந்த பிறகும் ஸ்டாண்ட்பையில் ஏற்ற இறக்கம் தொடர்ந்தாலோ, அந்தச் சமயத்தில் பயனர்களின் இணைப்பு அறுந்தாலோதான் மேலே தேட வேண்டும்.

ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெட்டியிலும் கட்டளை தட்டக் கூடாது. அந்த நேரத்தில் ஆக்டிவில் செய்யும் மாற்றம் ஸ்டாண்ட்பைக்குச் சரியாகப் போய்ச்சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பின்னர் இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: கடிகாரத்தையும் பதிவுகளையும் ஒழுங்குபடுத்துதல்

சான்று இல்லாமல் இந்தக் கோளாறைத் துரத்த முடியாது. இரண்டு ஃபயர்வால்களும் அவை இணைந்துள்ள ஸ்விட்சுகளும் ஒரே என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும்) சேவையகத்தைப் பார்க்க வேண்டும். மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி நேரம் முன்னே; சென்னை அதைவிட இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னே. சிஸ்லாக் சேவையகம் (கருவிகளின் பதிவுகளைத் திரட்டுவது) சென்னைத் தலைமையகத்தில், ஸ்விட்ச் எபேன் அலுவலகத்தில், ஃபயர்வாலின் கடிகாரமோ யாரும் தொடாமல் உலகப் பொது நேரத்தில் என்று இருந்தால், ஒரே நிகழ்வு மூன்று வெவ்வேறு மணிகளில் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்திலேயே வைத்துக்கொண்டு படிக்கும்போது மாற்றிக்கொள்வது என் பழக்கம்.

அடுத்து, ஸ்டாண்ட்பை பெட்டி இயல்பாகத் தன் சிஸ்லாக்கை வெளியே அனுப்பாது என்பது பலர் கவனிக்காத செய்தி. 'லாகிங் ஸ்டாண்ட்பை' கட்டளையை இட்டால்தான் அனுப்பும். சிஸ்லாக் டிராஃபிக் இரட்டிப்பாகும் என்பதால்தான் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சோதனைக் காலத்துக்கு இயக்கிக்கொள்ளலாம். நினைவகத்தில் உள்ள பஃபர் பதிவு மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். ஆகவே ஸ்டாண்ட்பையில் ஒரு கன்சோல் கேபிளைச் செருகி, வரும் வரிகளைக் கோப்பில் சேமிப்பதே உறுதியான வழி.

தேட வேண்டிய செய்தி எண்கள் சிலவே. ஆக்டிவ் பக்கத்தில் 709003 என்பது ஒத்திசைவின் தொடக்கம், 709004 முடிவு. ஸ்டாண்ட்பை பக்கத்தில் அவையே 709005, 709006. லிங்க் ஏறினால் 411001, இறங்கினால் 411002. துணைப் பெட்டியின் ஹலோ ஓர் இன்டர்ஃபேஸில் வராமல் போனால் 105005, அதைத் தொடர்ந்த பரிசோதனை 105008, அதன் முடிவு 105009. பெட்டி ஆக்டிவாக மாறினால் 104001, ஸ்டாண்ட்பையாக மாறினால் 104002.

மூன்றாம் படி: மூன்றில் எது என்று பிரித்தறிதல்

இந்த எண்களை நேர வரிசையில் அடுக்கினாலே பாதி விடை கிடைத்துவிடும். 411002 வந்திருக்கிறதா, ஸ்விட்ச் பதிவிலும் அதே விநாடியில் போர்ட் இறங்கியதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது உண்மையான லிங்க் அறுபடல். 411002 இல்லாமல் 105005 மட்டும் வந்திருந்தால் அது கண்காணிப்புச் சிக்கல். இரண்டுமே இல்லாமல் பயனர்கள் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால் மேக் முகவரியைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு இரு பெட்டிகளிலும் 'ஷோ ஃபெயிலோவர் ஹிஸ்டரி' கட்டளையைக் கொடுங்கள். 'ஃபெயிலோவர் எக்ஸெக் மேட்' என்று முன்னே சேர்த்தால் இருந்த இடத்திலிருந்தே துணைப் பெட்டியில் அதை ஓட்டலாம். நிலை மாற்றம் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருக்கும். 'இன்டர்ஃபேஸ் செக்' என்றிருந்தால் டேட்டா இன்டர்ஃபேஸ்களின் (பயனர் டிராஃபிக் போகும் இன்டர்ஃபேஸ்களின்) பக்கம் போக வேண்டும். 'ஹலோ நாட் ஹேர்ட் ஃப்ரம் மேட்' என்றிருந்தால் டேட்டா இன்டர்ஃபேஸ்களைத் தொடவே வேண்டாம். சிக்கல் ஃபெயிலோவர் லிங்க்கில், அதாவது இரு பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பில் இருக்கிறது.

ஃபெயிலோவர் லிங்க்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதற்கெனத் தனிப் போர்ட் இருக்க வேண்டும். டேட்டா இன்டர்ஃபேஸ்கள் போகும் அதே ஸ்விட்ச் வழியாக அது போகக் கூடாது. இரு பெட்டிகளும் ஒரே ரேக்கில் இருந்தால் நேரடிக் கேபிளே போதும். ஆனால் நேரடிக் கேபிளில் ஒரு முனை செத்தாலும் இரு முனையிலும் லிங்க் இறங்கிவிடும் என்பதால், எந்தப் பெட்டி பழுது என்று சொல்வது கடினம். ஒரு பெட்டி எபேனிலும் மற்றது போர்ட் லூயிஸிலும் இருக்குமானால், ஸ்டேட் லிங்க்கின் (நடப்பு இணைப்புகளின் நிலையை மறுபெட்டிக்கு அனுப்பும் பாதையின்) தாமதம் 10 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது, 250ஐத் தாண்டவே கூடாது. இந்தச் சிறிய தீவுக்குள் தூரம் ஒரு பொருட்டல்ல. இடையே சேவை தருபவரின் பகிரப்பட்ட பாதை நெரிசலில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நான்காம் படி: லிங்க் உண்மையில் அறுந்தால்

இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: ஃபயர்வாலின் கான்ஃபிக் ஒத்திசைகிறது, ஸ்விட்ச் போர்ட்டின் கான்ஃபிக் ஒத்திசைவதில்லை. எப்போதோ யாரோ ஆக்டிவ் பெட்டியில் ஓர் இன்டர்ஃபேஸின் வேகத்தை 100 என்றும் டூப்ளெக்ஸை ஃபுல் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவது; ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்றால் ஹாஃப்) என்றும் கட்டிவைத்து, அதற்கு எதிரே உள்ள ஸ்விட்ச் போர்ட்டிலும் அப்படியே செய்திருப்பார். ஒத்திசைவு அந்த வரியை ஸ்டாண்ட்பைக்கும் கொண்டுசெல்லும். ஸ்டாண்ட்பைக்கு எதிரே உள்ள ஸ்விட்ச் போர்ட்டோ ஆட்டோவிலேயே இருக்கும். பேசித் தீர்மானிக்க மறுபக்கம் மறுப்பதால், ஆட்டோவில் உள்ள போர்ட் வேகத்தை உணர்ந்துகொண்டு டூப்ளெக்ஸை ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். லிங்க் விளக்கு எரியும், பிங் கூடப் போகும்; சுமை ஏறும்போது சிஆர்சி பிழைகளும் (சிதைந்து வந்த தரவு) தாமத மோதல்களும் குவியும். ஸ்டாண்ட்பையில் சுமையே இல்லாததால், ஃபெயிலோவர் நடக்கும் நாள்வரை இது வெளியே தெரியாது.

'ஷோ இன்டர்ஃபேஸ்' வெளியீட்டை இரு பெட்டிகளிலும் எடுத்து, வேகம், டூப்ளெக்ஸ், சிஆர்சி, ஓவர்ரன் ஆகியவற்றை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் பக்கத்திலும் அதையே செய்யுங்கள். எம்டியு அளவும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இப்படியே ஒத்திசைந்து போகும் என்பதால், ஸ்விட்சுகள் இரண்டும் அந்த அளவை ஏற்கின்றனவா என்று சேர்த்தே சோதியுங்கள். இரு பக்கத்தையும் ஆட்டோவில் விடுவதே இன்றைய கருவிகளில் சரியானது. தாமிரக் கேபிளில் ஜிகாபிட் வேகத்துக்கு ஆட்டோ பேச்சுவார்த்தை கட்டாயமும்கூட.

ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டுவது) பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆக்டிவ் பெட்டியின் போர்ட்டுகளுக்கு ஒரு சேனல், ஸ்டாண்ட்பையின் போர்ட்டுகளுக்கு வேறொரு சேனல் என்று ஸ்விட்சில் தனித்தனியே இருக்க வேண்டும். நான்கு கேபிளையும் ஒரே சேனலில் போட்டுவிட்டால், டிராஃபிக்கின் ஒரு பகுதி ஸ்டாண்ட்பைக்குப் போய் அங்கேயே மடிந்துவிடும்.

ஐந்தாம் படி: லிங்க் இருந்தும் கண்காணிப்பு தோற்றால்

'ஷோ ஃபெயிலோவர்' வெளியீட்டில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் எதிரே அதன் நிலை தெரியும். 'நார்மல், மானிட்டர்டு' என்பது நலம். 'நார்மல், வெயிட்டிங்' என்பது துணைப் பெட்டியின் ஹலோ இன்னும் வந்து சேரவில்லை என்பது. ஒத்திசைவு முடிந்த சிறிது நேரத்துக்கு வெயிட்டிங் தெரிவது இயல்பு; அதிலேயே தங்கிவிட்டால் மூன்று காரணங்களைப் பார்க்கலாம். அந்த இன்டர்ஃபேஸுக்கு ஸ்டாண்ட்பை முகவரியே கொடுக்கப்படாமல் இருக்கலாம். ஸ்டாண்ட்பைக்கு எதிரே உள்ள ட்ரங்க் போர்ட்டில் (பல வீலேன்களைச் சுமக்கும் போர்ட்) அந்த வீலேன் (ஸ்விட்சில் தனியே பிரித்த நெட்வொர்க்) அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். அல்லது இரு ஸ்விட்சுகளுக்கும் இடையே உள்ள ட்ரங்க்கில் அது விடுபட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதே நான் அதிகம் பார்த்தது.

இனி, ஒவ்வொரு ஒத்திசைவின்போதும் தோற்று, சிறிது நேரத்தில் தானாகவே மீளும் வகை. இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். ஏஎஸ்ஏயில் இன்டர்ஃபேஸ் ஹலோ இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை போகிறது. 25 விநாடிகள் வரை வராவிட்டால் இன்டர்ஃபேஸ் தோற்றதாக முடிவாகிறது. அந்தக் காலக்கெடுவில் பாதி கடந்ததுமே பெட்டி பரிசோதனைகளைத் தொடங்கிவிடும்: லிங்க் நிலை, டிராஃபிக் வருகிறதா என்ற கவனிப்பு, ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறிவது), பிராட்காஸ்ட் பிங் என்ற வரிசையில். இப்போது ஸ்விட்ச் பக்கம் வாருங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயில் (ஸ்விட்சுகளுக்கிடையே லூப் உருவாவதைத் தடுக்கும் நெறிமுறை), இறங்கி ஏறிய போர்ட் லிஸனிங் நிலையில் 15 விநாடி, லேர்னிங் நிலையில் 15 விநாடி என்று மொத்தம் 30 விநாடிகள் டேட்டாவை விடாது. 30 என்பது 25ஐவிடப் பெரிது. ஒத்திசைவு ஸ்டாண்ட்பையின் இன்டர்ஃபேஸை ஒருமுறை இறக்கி ஏற்றியதே போதும். போர்ட் திறக்கும் முன் கண்காணிப்பு பொறுமை இழந்துவிடும். ஐந்து விநாடி கழித்து எல்லாம் சரியாகிவிடுவதால், யாரும் வந்து பார்ப்பதற்குள் தடயமும் போய்விடும்.

கான்ஃபிக் பெரிதாக உள்ள அலுவலகத்தில் இதே பிழை மறைந்திருக்க வாய்ப்புண்டு. ஏஎஸ்ஏ கான்ஃபிக்கில் இன்டர்ஃபேஸ் வரிகள் மேலேயும், நீண்ட அக்ஸஸ் லிஸ்ட்டுகள் (அனுமதி விதிகள்) அவற்றுக்குக் கீழேயும் இருப்பதால், லிங்க் முதலிலேயே ஏறிவிடும். மீதி வரிகள் வந்து முடிவதற்குள் அந்த 30 விநாடியும் கடந்துவிடும். ஆகவே "அந்த அலுவலகத்தில் இதே அமைப்பு ஒழுங்காக ஓடுகிறதே" என்ற ஒப்பீட்டை நம்பி ஸ்பானிங் ட்ரீயை விலக்கிவிடாதீர்கள்.

தீர்வு எளிது. ஃபயர்வால் இணைந்துள்ள ஸ்விட்ச் போர்ட்டுகள் அனைத்திலும் போர்ட்ஃபாஸ்ட்டை (அந்த 30 விநாடிக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) இயக்குங்கள். ட்ரங்க் போர்ட் என்றால் ட்ரங்க்குக்கு உரிய வடிவில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. டிரான்ஸ்பரன்ட் முறையில் ஓடும் ஃபயர்வாலுக்கு மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. அங்கே ஃபயர்வால் இரண்டு பக்கத்தையும் பாலம்போல் இணைப்பதால் லூப் உருவாகும் ஆபத்து உண்டு. போர்ட்ஃபாஸ்ட்டைத் தொட முடியாத இடத்தில் இன்டர்ஃபேஸ் காலக்கெடுவை நீட்டலாம். ஆனால் உண்மையான பழுதைக் கண்டறியவும் அதே அளவு தாமதமாகும் என்பதால் அதை இரண்டாம்தரத் தீர்வாகவே கருதுகிறேன். 'மானிட்டர் இன்டர்ஃபேஸ்' வரியை எடுத்துவிட்டு எச்சரிக்கையை அடக்கிவிடுவது தீர்வே அல்ல.

சப்இன்டர்ஃபேஸ்கள் (ஒரே போர்ட்டை வீலேன்வாரியாகப் பிரித்தவை) இயல்பாகக் கண்காணிக்கப்படுவதில்லை என்பதும் இங்கே சொல்லத் தக்கது. ஒரே ட்ரங்க்கில் பத்து வீலேன்களை ஓட்டுபவர், முக்கியமான இரண்டு மூன்றையாவது கண்காணிப்பில் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: எல்லாம் பச்சையாக இருந்தும் டிராஃபிக் நின்றால்

நம் ஊருக்கே உரிய சூழல் இது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸை வெள்ளத்தில் மூழ்கடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற நாளில் மின்சாரம் நின்று, யுபிஎஸ் தீர்ந்து, இரு ஃபயர்வால்களும் அணைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் வந்ததும் செகண்டரி பெட்டி முதலில் எழுகிறது (பிரைமரி, செகண்டரி என்பவை பெட்டிகளின் நிலையான பெயர்கள்; ஆக்டிவ், ஸ்டாண்ட்பை என்பவை மாறக்கூடிய பொறுப்புகள்). பிரைமரியின் யுபிஎஸ் இன்னும் உயிர்பெறவில்லை. துணையைக் காணாத செகண்டரி தானே ஆக்டிவாகி, பிரைமரியின் மேக் முகவரிகள் தெரியாததால் தன் சொந்த முகவரிகளைக் கொண்டு வேலையைத் தொடங்குகிறது. அலுவலகம் இயங்கத் தொடங்கி நெடுநேரம் கழித்து யாரோ பிரைமரியை எழுப்புகிறார்கள். பிரைமரி ஸ்டாண்ட்பையாகச் சேர்ந்து கான்ஃபிக்கை வாங்கிக்கொள்கிறது. செகண்டரியே ஆக்டிவாகத் தொடர்கிறது. ஆனால் ஆக்டிவ் பெட்டி எப்போதும் பிரைமரியின் மேக் முகவரியையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி என்பதால், அந்தக் கணத்தில் செகண்டரி தன் முகவரிகளை மாற்றிக்கொள்கிறது. டிராஃபிக் தடைபடுகிறது. ஒத்திசைவின் நேரமும் தடையின் நேரமும் ஒன்றாக இருப்பதால் பழி ஒத்திசைவின்மேல் விழுகிறது.

இன்டர்ஃபேஸ் முகவரிகளுக்கு ஃபயர்வால் கிராச்சுயிட்டஸ் ஏஆர்பி (யாரும் கேட்காமலே தன் மேக் முகவரியை அறிவிக்கும் செய்தி) அனுப்பி அக்கம்பக்கத்துக்குத் தெரிவிக்கும். ஸ்டாட்டிக் நாட் முகவரிகளுக்கு (உள் சேவையகங்களுக்கு நிலையாகப் பொருத்திய வெளி முகவரிகள்) அனுப்பாது. எனவே பணியாளர்களின் இணையம் உடனே மீண்டு, வெளியிலிருந்து எட்டவேண்டிய மெயில் சேவையகமோ விபிஎன் முகப்போ மட்டும் நெடுநேரம் எட்டாமல் கிடந்தால், காரணம் ஏறத்தாழ இதுவேதான். எதிர்முனையில் சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர் இருந்தால் அதன் ஏஆர்பி பதிவு இயல்பாக 4 மணி நேரம் உயிரோடிருக்கும். உடனடி நிவாரணம், அந்த ரவுட்டரில் ஏஆர்பி பட்டியலைத் துடைப்பது; அது சேவை தருபவரின் கையில் இருந்தால் தொலைபேசிதான் வழி.

நிலையான தீர்வு, ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஆக்டிவ், ஸ்டாண்ட்பை என இரண்டு மெய்நிகர் மேக் முகவரிகளைக் கையால் வரையறுத்துவிடுவது. 'மேக் அட்ரஸ்' கட்டளையை இன்டர்ஃபேஸின் கீழ் இட்டால், எந்தப் பெட்டி முதலில் எழுந்தாலும் முகவரி மாறாது. ஒரே வீலேனில் வேறொரு ஃபயர்வால் ஜோடி இருந்தால் அதே முகவரியை அங்கும் இட்டுவிடாதபடி பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் முகவரிக்கு மாறும் செயலே ஒருமுறை டிராஃபிக்கைத் தடைசெய்யும் என்பதையும், மேலே சொன்ன நாட் சிக்கல் அப்போதும் வரும் என்பதையும் முன்கூட்டியே சேவை தருபவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

ஏழாம் படி: மாற்றத்தைச் சோதித்தல்

எபேனில் பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்காக ஓடும் கால்சென்டர்கள் பல. பிரான்ஸ் நமக்குக் கோடையில் 2 மணி நேரமும் குளிர்காலத்தில் 3 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், நம் மாலை ஏழு மணி அவர்களின் வேலை நேரமாகவே இருக்கலாம். தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை, பிரான்சில் அல்ல. நேரத்தைக் குறிக்கும் முன் யாருடைய நாட்காட்டி என்று கேளுங்கள்.

குறித்த நேரத்தில், ஆக்டிவ் பெட்டியின் கான்ஃபிக்கை முதலில் வெளியே ஒரு கோப்பில் எடுத்துவையுங்கள். ஒத்திசைவின் திசை எப்போதும் ஆக்டிவிலிருந்து ஸ்டாண்ட்பைக்குத்தான். பிரைமரியிலிருந்து செகண்டரிக்கு அல்ல. பழுதான பிரைமரிக்குப் பதிலாக வெற்றுப் பெட்டியைப் பொருத்துபவர்கள் இதை மறந்தால், வெறுமையே மற்றதன்மேல் ஏறிவிடும். அப்படிப் பொருத்தும்போது, ஓடும் பெட்டி ஆக்டிவாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஃபெயிலோவர் கேபிளை மட்டும் முதலில் செருகி, ஒத்திசைவு முடிந்த பிறகே டேட்டா கேபிள்களைச் செருகுங்கள்.

பின்னர் ஸ்டாண்ட்பையை மறுதொடக்கம் செய்து கன்சோலைக் கவனியுங்கள். 'சிங்க் கான்ஃபிக்', 'பல்க் சிங்க்' நிலைகளைக் கடந்து 'ஸ்டாண்ட்பை ரெடி' வரவேண்டும். அதன்பின் கண்காணிக்கும் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றும் வெயிட்டிங்கிலிருந்து மானிட்டர்டு நிலைக்கு வரவேண்டும். ஆக்டிவ் பக்கத்தில் 411002 ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது சரியாக நடந்தால், ஆக்டிவில் 'நோ ஃபெயிலோவர் ஆக்டிவ்' கொடுத்துப் பொறுப்பை மாற்றி, அதே சோதனையை மறுபெட்டியில் செய்யுங்கள். எச்டிடிபி இணைப்புகளின் நிலை இயல்பாக மறுபெட்டிக்குப் பகிரப்படுவதில்லை. உலாவியில் ஒரு பக்கம் ஒருமுறை தடுமாறுவதை வைத்துச் சோதனை தோற்றது என்று முடிவுகட்டாமல், விடாது ஓடும் ஒரு பெரிய கோப்புப் பரிமாற்றத்தையோ, பேச்சில் இருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பையோ அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

இறுதியாக இரு பெட்டிகளையும் மின்சாரத்திலிருந்து துண்டித்து, வேண்டுமென்றே செகண்டரியை முதலில் எழுப்பி, அது ஆக்டிவான பிறகு பிரைமரியைச் சேர்த்துப் பாருங்கள். புயல் காலத்துக்கு முன் அக்டோபரில் இதைச் செய்ய அனுமதி வாங்குவது கடினம்தான். ஆனாலும் மெய்நிகர் மேக் முகவரி சரியாக அமர்ந்துள்ளதா என்பதை இந்த ஒரு சோதனை மட்டுமே காட்டும். இரு பெட்டிகளிலும் 'ஷோ இன்டர்ஃபேஸ்' காட்டும் மேக் முகவரியை முன்னும் பின்னும் குறித்து ஒப்பிட்டு, வெளியிலிருந்து ஒரு ஸ்டாட்டிக் நாட் முகவரியை எட்டிப் பார்த்து, 'லாகிங் ஸ்டாண்ட்பை' வரியை நீக்கி, ஆக்டிவில் 'ரைட் மெமரி' கொடுங்கள். அது ஸ்டாண்ட்பையின் ஃபிளாஷிலும் சேர்த்தே சேமிக்கும்.